மேலே நகர்ந்த அரக்குப் பட்டை

இன்று காலை லேப்டாப்பைத் திறந்தேன். கடிகாரமும் திறந்திருக்கும் நிரல்களும் தெரிகிற அந்த நீளப் பட்டை திரையின் அடியில், நேற்று நான் விட்ட இடத்திலேயே இருந்தது. நீ போனதிலிருந்து என் திரையில் எதுவும் தானாக மாறுவதில்லை. மற்றவர்களுக்கு இது இயல்பு. எனக்கோ, நீ இல்லை என்பதைத் தினமும் காலையில் புதிதாகச் சொல்லும் செய்தி.

ஏனாத்தூர் கல்லூரியில் படித்தபோது நாம் சேர்ந்து வாங்கிய பழைய லேப்டாப் இது. ஒரு நாள் சின்ன காஞ்சிபுரத்தில் உன் வீட்டில், மறுநாள் என் வீட்டில். காலைப் பேருந்தில் கைமாறும். கல்லூரி கேட்ட மென்பொருளுக்காக விண்டோஸ், உனக்கொரு லினக்ஸ், எனக்கொரு லினக்ஸ் என்று ஒரே லேப்டாப்பில் மூன்று இயங்குதளங்கள். இயக்கியதும் மூன்று பெயர்களும் வரிசையாக வந்து நிற்கும். "ஒரே வூடு, மூணு வாசல்" என்பாய்.

அவற்றை நிறுவிய ஞாயிற்றுக்கிழமை உன் அப்பா தறியில் இருந்தபடியே கேலி செய்தார். "இன்னாமா, நான் பொடவ முந்தியே நெய்ஞ்சி முடிச்சிடுவேன் போல இருக்குதே, உங்க பொட்டி இன்னும் எழுந்துக்கலையா?"

அந்தக் கேலிக்கு நடுவில்தான் தவறு நடந்தது. கோப்புகள் இரண்டு பக்கமும் கிடைக்கட்டும் என்று, நம் அமைப்புகளெல்லாம் சேமிக்கப்படும் ஹோம் பகுதியை இரண்டு லினக்ஸுக்கும் பொதுவாக வைத்தோம். பயனர் பெயரும் ஒன்றே. நம் இருவர் பெயரையும் ஒட்டவைத்து நீ செய்தது. ஆக, நீ உன் பக்கம் எதை மாற்றினாலும் என் பக்கமும் மாறியது.

"ஏய், யாருடி என் பட்டையை மேல தூக்கினது?"

"நான் எங்கடி உன்னுத தொட்டேன்? என் வூட்லதான் வெச்சேன்!"

பேருந்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ அதற்கு அரக்கு நிறம் வேறு பூசியிருந்தாய். புடவை பார்டர் என்றால் காலடியில்தான் இருக்க வேண்டும் என்றேன். "தறியில வந்து உக்காந்து பாரு, ரெண்டு பக்கமும் பார்டர்தான்" என்றாய். காரணம் புரிந்ததும் நான் பிரித்துவிடலாம் என்றேன். நீ கையைப் பிடித்துக்கொண்டாய். "உட்ருபா. காலைல நீ திட்டிக்கினே பஸ் ஏறுவ இல்ல, அது எனக்கு வேணும்."

அதன்பின் நான் கீழே இறக்குவதும் நீ மேலே ஏற்றுவதுமாகப் போயிற்று நம் படிப்பு. யாரும் யாருக்கும் அப்படிக் கடிதம் எழுதியதாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

பிறகு ஒரு காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நீயே சொன்னாய். காரியம் முடிந்து உன் அம்மா லேப்டாப்பை என் மடியில் வைத்தார். "நீயே வெச்சிக்கோமா. இங்க இருந்தா நான் இதையே பாத்துக்கினு இருப்பேன்." அன்று திறந்தபோது பட்டை மேலே இருந்தது. நீ கடைசியாக வைத்தது. பழக்க தோஷத்தில் கை அதைக் கீழே இழுத்து, நிறத்தையும் நீக்கிவிட்டது. இழுத்த பிறகுதான் புரிந்தது.

இப்போது இடம் தீர்ந்துவிட்டது. வேலைக்கான கோப்புகளைக்கூடச் சேமிக்க முடியவில்லை. அண்ணன் பார்த்துவிட்டு, "ரெண்டாவது லினக்ஸை நீ தொறக்கறதே இல்லையேமா, தூக்கிடு" என்றான். சரிதான். அதை அழித்தால் உன் கோப்பு ஒன்றுகூடப் போகாது. நீ வந்து போன வாசல் மட்டும்தான் போகும்.

இன்று உட்கார்ந்து, அதற்குப் பதில் விண்டோஸை அழித்தேன். விண்டோஸ் என்றாலே உனக்கு ஆகாது; நீ இருந்திருந்தால் கைதட்டியிருப்பாய்.

பிறகு, நீ போனபின் முதல் முறையாக, உன் லினக்ஸைத் தேர்ந்தெடுத்தேன். உன் பக்கத்திலும் பட்டை கீழேதான் கிடந்தது, நீ வந்து தூக்காத பட்டை. பிடித்து மேலே வைத்து, அரக்கு நிறம் கொடுத்தேன். அணைத்துவிட்டு என் வாசல் வழியாக வந்தேன்.

பட்டை மேலே இருந்தது.

யார் வைத்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாய், "ஏய், யாருடி" என்று தொடங்கிவிட்டது. பதிலுக்குச் சற்று நேரம் காத்திருந்தேன்.

இனி அதை இறக்க மாட்டேன். நேரம் பார்க்கக் கண் கீழே போகும், அங்கே ஒன்றும் இருக்காது, பிறகு மேலே வரும். ஒவ்வொரு முறையும்.