முப்பத்து மூன்றாவது நிமிடம்

இன்று காலை தேர்வறையில் அரைமணி கழிந்ததற்கான மணி அடித்ததும் அந்த வாடை வந்தது. ஊறிய தோலும் சுண்ணாம்பும் கலந்த வாடை. உன் சட்டையில் இருபது வருடம் இருந்த அதே வாடை. அரியர் எழுத வந்திருந்த பெண் ஒருத்தி மூக்கைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, "சார், கதவ சாத்துங்க சார், நாத்தம் தாங்கல," என்றாள். பாலாற்றுப் பக்கமிருந்து காற்று திரும்பியிருக்கும் என்றேன். ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை.

நாம் இருவரும் வேதியியல் வகுப்பில் ஒரே நாளில் சேர்ந்தோம். நான் மூன்றே வருடத்தில் முடித்தேன். நம் பெஞ்சுக்காரர்கள் சிலர் நான்காவது, ஐந்தாவது வருடத்தில் கரையேறினார்கள். உனக்கு மட்டும் ஒரு தாள் நின்றுபோனது. ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி வேலைக்குப் போய்க்கொண்டே எழுதினாய், விட்டாய், மறுபடி எழுதினாய். நான் அதற்குள் இதே கல்லூரியில் ஆசிரியராகிவிட்டேன். "நீ எக்ஸ்பிரஸ்ஸுடா, நான் பாசஞ்சரு. ரெண்டும் காட்பாடிக்குத்தான் போவுது," என்று சிரிப்பாய்.

எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. இறுதியாண்டு செய்முறைத் தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு, பார்த்து எழுத வாங்கிப்போன என் ரெக்கார்டு நோட்டைப் பஸ்ஸில் தொலைத்தவன் நீ. வகுப்பில் முதலிடம் எனக்கு அதோடு போயிற்று. "கோச்சிக்காத வாத்தியாரே, டீ வாங்கித் தரேன்," என்றாய்.

மூன்று வருடங்களுக்கு முன், பழைய மாணவர்களுக்கு இதுவே கடைசி வாய்ப்பு என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. பட்டம் வந்தால் உன்னைச் சுண்ணாம்புத் தொட்டி வேலையிலிருந்து எடுத்து லேபில் போடுவதாக டேனரி மேனேஜர் சொல்லியிருந்தார். அன்று அறைக் கண்காணிப்பாளன் நான். அரைமணிக்குமேல் யாரையும் உள்ளே விடக்கூடாது என்பது விதி. நீ முப்பத்து மூன்றாவது நிமிடம் வந்து நின்றாய். ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"மாத்தி வுட ஆள் வர்லடா. தோல் சுத்துற ட்ரம்ம அப்டியே வுட்டுட்டு எப்டி வர்றது? மூணு நிமிஷந்தானே, வாத்தியாரே."

ஐந்து நிமிடம் தாண்டி வந்தவர்களையே நான் விட்டிருக்கிறேன். உனக்கு மட்டும் விதியைச் சொன்னேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "என் ரெக்கார்டு நோட்டு எங்கடா?" என்றேன்.

"அடப்பாவி, இன்னும் அதையா வச்சினு கீற?"

மூன்றாம் வரிசை ஓரத்தில் காலியாக இருந்த உன் மேசையை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனாய். கதவைச் சாத்திவிட்டு, உன் எண்ணுக்கு நேரே சிவப்பு மையில் 'வரவில்லை' என்று எழுதினேன்.

அதிலிருந்து நான்காம் மாதம் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்ய இறங்கினாய். ஏறி வரவில்லை. லேபில் இருக்கிறவனைத் தொட்டியில் இறக்கமாட்டார்கள்.

அடுத்த தேர்வின்போதுதான் அந்தத் தடங்களை முதலில் பார்த்தேன். வாசற்படிக்கு வெளியே இரண்டு வெள்ளை பூட்ஸ் தடங்கள், உள்ளே பார்த்தபடி. அதன்பின் நான் நிற்கும் அறை எதுவானாலும் இருக்கின்றன. பெருக்க வரும் அம்மா கேட்டாள்: "இன்னா சார், உங்க ஹால் வாசல்ல மட்டும் எப்பவும் சுண்ணாம்பு? வெள்ளையடிக்கக்கூட யாரும் வர்லியே." அவள் துடைத்துவிடுவாள். நானும் ஒவ்வொரு முறையும் அரைமணி ஆனதும் கதவைச் சாத்திவிடுவேன்.

உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் இந்தத் தாளை எடுத்தேன். வரவில்லை. அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் போட்ட கோடுவரை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் இன்று அந்த வாடையில் சாத்த மறந்து நின்றவன், அந்தப் பெண் கேட்டதற்காகக் கதவைத் தள்ளப் போனேன். சுவர்க் கடிகாரத்தில் முப்பத்து மூன்று நிமிடம். கதவு பாதியில் நின்றது. மறுபக்கம் யாரோ உள்ளங்கையை வைத்துப் பொறுமையாகப் பிடித்திருப்பதுபோல் இருந்தது. நான் தள்ளினேன். அது தள்ளவில்லை, நின்றது.

"இன்னா சார், சாத்தலியா?"

"ஒருத்தன் வரணும்மா," என்றேன்.

கடைசி மணிவரை திறந்தே இருந்தது. மூன்றாம் வரிசை ஓரத்தில் ஒரு வெற்று விடைத்தாளை நானே கொண்டுபோய் வைத்தேன். வீட்டுக்கு வந்து மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். கதவைத் தள்ளிய கையில் அந்த வாடை இன்னும் போகவில்லை.