டைமிங் சரியில்ல மாப்ள

12-11-1999, வெள்ளி

கண்மாயில் சவாரி விடத் தங்கச்சி மாப்பிள்ளை வாங்கிய பழைய படகு மோட்டார், காலையிலிருந்து கயிற்றை இழுக்க இழுக்க இருமியதே தவிர ஓடவில்லை. கரையில் ஊரே நிற்கிறது. மூடியைக் கழற்றிப் பார்த்து, “டைமிங் சரியில்ல மாப்ள” என்றேன்.

“அட ஆமா மச்சான், ராகு காலம்ல!” என்று கூட்டத்தை அப்படியே உட்கார வைத்துவிட்டார்.

நான் சொன்னது மோட்டாரில் தீப்பொறி விழுகிற நேரத்தை. ஆனாலும் நல்லதாப் போச்சு. பொறியைக் கிளப்பும் பாயிண்டுக்கு நடுவே சிகரெட் தாளைச் செருகினேன். சக்கரத்துக் கோடு நேராக வரும்போது தாள் நழுவுகிற மாதிரி பாயிண்டு இருக்கிற பிளேட்டை நகர்த்தி முடுக்கினேன்.

ராகு காலம் முடிந்து மாப்பிள்ளை கயிற்றை இழுத்தார். ஒரே இழுப்பு, மோட்டார் பிடித்துப் படகு பறந்தது! படகில் இருந்த தங்கச்சி நனைந்துகொண்டே சந்தோஷத்தில் கத்தினாள். நானும் விசிலடித்தேன்.

கரைக்கு வந்ததும் படகில் தினசரி காலண்டரை மாட்டிவிட்டார். இனி டைமிங் பார்க்க நான் வரவேண்டாமாம்.