ஊதா வந்தால் நல்ல சாமான்

இன்று காலை, நீண்ட ஆலோசனைக்குப் பின், தலைவலிக்கான பரசிட்டமோல் மாத்திரையை முழுதாக விழுங்காமல் இரண்டாக உடைத்து ஒரு பாதியை மட்டும் விழுங்குவதென்று தீர்மானித்தேன். தீர்மானம் உறுதிப்படும்வரை தேநீரை ஆறவிட்டு மேசையருகே நின்றேன். சாதகபாதகங்களை அலசினேன். மனைவியிடம் முறைப்படி அறிவித்தேன். அவர் தேநீரை மூடிவைத்தார். உடைந்த பக்கம் நாக்கில் பட்டது. அந்தக் கசப்போடு நீ வந்துவிட்டாய். "நாக்கை நம்பாத மச்சான், சோதிச்சுப் பாரு" என்று ஆய்வுகூடத்தில் சொல்வாயே, அதே முகத்தோடு.

என் வாப்பா கற்பிட்டியில் கருவாடு வாங்கி விற்பவர். உன் வாப்பா குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயத் தோட்டம் செய்பவர். நாம் மருந்து இரசாயனவியல் படிக்கப் போனபோது இரண்டு வீட்டாரும் பிள்ளைகள் டொக்டராகப் போவதாகவே ஊருக்குச் சொன்னார்கள். நாம் திருத்தப் பார்த்தோம். ஒரு மூலக்கூறின் எந்த மூலையில் எதை ஒட்டினால் வலி குறையும், எதை ஒட்டினால் ஈரல் கெடும் என்று படிக்கிறோம் என்று விளக்கினோம். உன் உம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப ஊசி எப்ப போடுவீங்க?" என்றார்.

பல்கலைக்கழகத்தில் நம்மை முதலில் வரவேற்றவர்கள் மூத்த மாணவர்கள். விடுதியில் உன் முன்னால் ஒரு கண்ணாடிக் குவளையை வைத்து, இது என்ன என்று கேட்டார்கள். மணந்து பார்த்து, தண்ணீர் என்றாய். அமிலம் என்று சொல்லச் சொன்னார்கள். மறுபடி மணந்தாய். மறுபடியும் தண்ணீர்தான் என்றாய். அறை விழுந்தது. அந்தக் கல்விப் பணி உன் இடது காதிலிருந்து இரத்தம் வரும்வரை தொடர்ந்தது. நான் முதல் அறைக்கு முன்பே அமிலம் என்று ஒப்புக்கொண்டிருந்தேன். பிறகு உன் இடது காது கேட்கவில்லை. விரிவுரைகளில் நான் உனக்கு வலப்பக்கம் உட்கார்ந்ததற்கும், நாம் நண்பர்களானதற்கும் அதுவே காரணம்.

விடுமுறையில் ஊருக்கு வந்தால் உன் வீட்டு முற்றத்தில் ஆட்கள் நிற்பார்கள். கடலில் கள்ளமாக வரும் மாத்திரைகள் கடைகளில் மலிவாகக் கிடைத்த காலம். வாங்கியவர்கள் பத்திரிகைத் தாளில் சுற்றி உன்னிடம் கொண்டுவருவார்கள். வானொலி திருத்தும் கடையில் செப்புத் தகடு அரிக்க வைத்திருக்கும் பெரிக் குளோரைட்டுக் கரைசலை நீ ஒரு சிறு போத்தலில் வைத்திருந்தாய். மாத்திரையைத் தூளாக்கி நீரில் கலக்கி ஒரு துளி விடுவாய். பரசிட்டமோல் என்றால் மஞ்சள் துளி ஊதாவாகும். சுண்ணாம்புத் தூள் என்றால் ஆகாது. ஊர் முழுக்க உன் ஊதாவை நம்பியது.

சம்மாட்டியும் நம்பினார். பல படகுகளுக்குச் சொந்தக்காரர். பள்ளிவாசலுக்கு மின்விசிறி வாங்கித் தந்தவர். மூன்றாம் வருட விடுமுறையில் நம் இருவரையும் உன் போத்தலோடு கடற்கரையில் மீன் காயவைக்கும் வாடிக்கு அழைத்துவரச் சொன்னார். அழைக்க வந்தவர்கள் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு வரச் சொன்ன விதத்தில் அது அழைப்பு அல்ல என்று விளங்கியது.

வாடிக்குள் நவாஸ் தூணில் கட்டப்பட்டிருந்தார். சம்மாட்டியின் படகோட்டி. அவர் மனைவி உங்கள் தோட்டத்தில் களை பிடுங்குபவர். காய்ந்த திருக்கை மீன் வாலால் அடித்திருந்தார்கள். முதுகில் தோல் நீள நீளமாகக் கழன்று தொங்கியது. பக்கத்தில் ஒரு கோப்பையில் உப்பு இருந்தது. அடிக்கடி அள்ளித் தேய்ப்பதற்கு. நமக்குக் கதிரை போட்டார்கள்.

"டொக்டர் மகன்மார், தேத்தண்ணி குடிங்க" என்றார் சம்மாட்டி.

கடலின் அக்கரையிலிருந்து நவாஸ் சாக்கில் கொண்டுவந்தது ஐஸ் போதைப்பொருள் என்றும், நடுக்கடலில் அவர் அதை வேறொருவருக்கு விற்றுவிட்டுப் பதிலுக்கு ஏதோ வெள்ளைத் தூளை வைத்துவிட்டதாகத் தமக்குச் சந்தேகம் என்றும் விளக்கினார். நல்ல சாமான் என்றால் நவாஸ் வீட்டுக்குப் போகலாம். இல்லையென்றால் நங்கூரத்தோடு கடலுக்குப் போவார். இவ்வளவு தெளிவாக ஆய்வு நோக்கத்தை எழுதிய விரிவுரையாளர் நமக்கு வாய்க்கவில்லை.

நவாஸ் தலையைத் தூக்கினார். "நான் மாத்தல்ல, தம்பி" என்றார். முன்பற்கள் இல்லாததால் அதைச் சொல்ல நேரம் எடுத்தது.

நீ தூளைக் கரைத்தாய். போத்தலைத் திறந்தாய். ஒரு துளி விட்டாய்.

ஊதா வந்தது.

ஐஸுக்கு அந்த நிறம் வராது என்று இரண்டாம் வருட மாணவனுக்கும் தெரியும். சாக்கில் இருந்தது பரசிட்டமோல். காது கிழியும்வரை தண்ணீரைத் தண்ணீர் என்று சொன்னவன் நீ. நான் நங்கூரத்தைப் பார்த்தேன்.

"நல்ல சாமான்" என்றாய். "ஊதா வந்தா நல்ல சாமான்."

சம்மாட்டி முட்டாள் அல்லர். "எல்லாத்துக்கும் ஊதா வருமோ? வேற ஒண்டைப் போட்டுக் காட்டுங்களேன்" என்றார். ஒப்பீட்டுச் சோதனையின் அவசியத்தை எந்தப் பாடநூலும் படிக்காமல் உணர்ந்த மனிதர். நீ நவாஸுக்கு வைத்திருந்த உப்பில் ஒரு சிட்டிகை எடுத்துக் கரைத்துத் துளி விட்டாய். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. சம்மாட்டி தலையாட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஓமா?" என்றார்.

"ஓம்" என்றேன்.

நவாஸை அவிழ்த்தார்கள். அவர் நடக்கவில்லை; தூக்கிக்கொண்டு போனார்கள். அன்றிரவே அவர் மனைவி அவரைக் கரைத்தீவிலுள்ள தன் உறவினர் வீட்டில் ஒளித்துவைத்தார்.

சாக்கு கொழும்புக்குப் போனது. அங்கே வாங்கியவர்களிடம் சொந்தமாக ஓர் இரசாயனவியலாளர் இருந்திருக்கிறார். நம் பட்டத்துக்கு வேலைவாய்ப்பு இல்லை என்று சொல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சில நாட்களில் சம்மாட்டி முகத்தில் தையல்களோடு உங்கள் வெங்காயத் தோட்டத்துக்கு வந்தார். நல்ல வெயில். நாம் இருவரும் பாத்தியில் இருந்தோம். என் கையை நீர்ப்பம்பின் இரும்பில் வைத்து மண்வெட்டிப் பிடியால் அடித்தார்கள். அது என் "ஓம்"முக்கு. ஆய்வறிக்கையின் துணை ஆசிரியருக்குரிய பங்கு. உன்னை வெங்காயத்தாளின் மேல் குப்புறப் போட்டுத் திருக்கை வாலால் விளாசத் தொடங்கினார்கள்.

நான் கத்தினேன். "பிழை விட்டுட்டம். நாங்க படிக்கிற புள்ளையள், சோதனை பிழைச்சிட்டு."

சம்மாட்டி வாலை நிறுத்தினார். அது நல்ல காரணமாக அவருக்குப் பட்டது என்றே நினைக்கிறேன். மாணவர் பிழை விடுவது வழக்கம். கை கால் முறிப்பதோடு முடித்திருப்பார். உன் நல்ல காதுப் பக்கம் குனிந்து, "பிழைச்சிட்டோ?" என்று கேட்டார்.

நீ வாயிலிருந்த மண்ணைத் துப்பினாய்.

"சோதனை பிழைக்கல்ல. பரசிட்டமோல் எண்டு அப்பவே தெரியும். நான்தான் பொய் சொன்ன."

"ஏன்டா?"

"நவாஸ்ட முதுகக் கண்ட."

நான் எத்தனையோ பரிசோதனை அறிக்கைகளை வாசித்திருக்கிறேன். இவ்வளவு சுருக்கமான திருத்தத்தை வேறெங்கும் கண்டதில்லை. அவர்கள் வாலை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுத்தார்கள். முதல் வெட்டில் உன் கால்கள் உதைத்தன. இரண்டாவதில் உதைக்கவில்லை. பிறகும் வெட்டினார்கள். வெங்காயம் மிதிபட்ட நெடியில் எல்லோருடைய கண்களிலும் நீர் வந்தது, சம்மாட்டியின் கண்களிலும்.

உன்னைக் கடல்நீர் உள்ளே தேங்கும் களப்பில் கண்டெடுத்தார்கள். மரண விசாரணையில், நீரில் மூழ்கி இறந்ததாக முடிவாயிற்று. தலையைப் பிளக்கவும் முதுகில் வரி வரியாக அடிக்கவும் எங்கள் களப்புக்குத் தெரியும் என்று அன்றுதான் அறிந்தேன். நான் கண்டதைச் சொன்னேன். கை முறிந்த வலியில் மனம் குழம்பியிருக்கும் என்று பரிவோடு எழுதிக்கொண்டார்கள். உன் உம்மா மையித்தைக் குளிப்பாட்டியவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். காதிலும் அடித்திருந்தார்களா என்று.

நான் பட்டத்தை முடித்தேன். மருந்துகளின் தரம் பார்க்கும் ஆய்வுகூடம் ஒன்றில் வேலை. வலது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. துளிக்குழாயை இடது கையால் பிடிக்கிறேன். கேட்பவர் யார், அவருக்கு எந்த விடை வேண்டும் என்று பார்க்காமல் முடிவுகளை எழுதுகிறேன். இரண்டு தடவை இடம் மாற்றினார்கள். உன் போத்தல் என்னிடம்தான் இருக்கிறது. கரைசல் தீர்ந்தால் அதே மாதிரிக் கடையில் வாங்கி நிரப்புகிறேன்.

இன்று காலை மற்றப் பாதி மாத்திரையைக் கரண்டியால் நசுக்கி, நீரில் கலக்கி, ஒரு துளி விட்டேன். ஊதா வந்தது.

உன்னோடு கணக்குத் தீர்ந்தது என்று சம்மாட்டி ஆளனுப்பிச் சொல்ல, நவாஸ் முதுகு ஆறியதும் ஊருக்குத் திரும்பினார். இப்போது அதே சம்மாட்டியின் படகில்தான் போகிறார்.