முப்பது நாளுக்குள் யாரும் சொல்லவில்லை

தம்பி,

இன்று காலை மீன் கூடையை இறக்கிவிட்டு நிமிர்ந்தால், தபால்காரர் உன் பெயருக்கு ஒரு கோர்ட் கவரை நீட்டுகிறார். நீ ஜெயிலில் செத்து மூன்று மாதம் ஆகிறது. மேல்முறையீடு செய்தவர் இறந்துவிட்டதால் வழக்கு முடித்துவைக்கப்படுகிறதாம். ஆறு வருஷமாக விசாரிக்க நேரமில்லாதவர்களுக்கு முடித்துவைக்க மட்டும் நேரம் கிடைத்திருக்கிறது.

நீ அந்தக் காவலாளியைக் கொல்லவில்லை. ரிசார்ட் வாசலில் அவர் அடிபட்டுச் செத்த விடியற்காலை நீ கடலில் இருந்தாய். நம் ஊர் கடப்பாக்கமே அறியும். எங்கே இருந்தாய் என்று கோர்ட்டில் கேட்டபோது, "வாடை வுழுந்து ரெண்டாம் நாளு சார், வலை வுட்டுகினு இருந்தேன்" என்றாய். தேதியைச் சொல் என்று அதட்டினார்கள். நம் ஆட்களுக்குக் காற்றுதான் காலண்டர். தெரியாது என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? பயத்தில் வாய்க்கு வந்த தேதியைச் சொன்னாய், மடையா! அது முந்தின வாரத் தேதி. பொய் சொல்கிறான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். உன்னோடு படகில் போன மூன்று பேரை யாரும் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

மனு போட்டு உன்னைப் பார்க்க வரும்போதெல்லாம் கம்பிக்கு அந்தப் பக்கமிருந்து நீதான் எனக்கு ஆறுதல் சொல்வாய். "அப்பீலு கோர்ட்ல கீதுக்கா. கூப்புடுவாங்க." சர்க்கார் வைத்துக்கொடுத்த வக்கீலின் முகத்தைக்கூட நீ பார்த்ததில்லை. உன் நம்பிக்கையைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போதும் வருகிறது.

கவரோடு செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினேன். இலவச சட்ட உதவி வக்கீலம்மா பொறுமையாகச் சொன்னார்: செத்தவருக்காகக் கூடப்பிறந்தவர்கள் அப்பீலை நடத்தலாம், ஆனால் முப்பது நாளுக்குள் கேட்டிருக்க வேண்டும்.

"எனுக்கு யாரும்மா சொன்னாங்க? பொணத்தக் குடுக்கசொல்ல பத்து எடத்துல கையெழுத்து வாங்கினாங்களே, அப்போ சொல்றதுக்கு இன்னா?" என்று கத்திவிட்டேன்.

அவர் தண்ணீர் கொடுத்தார். தாமதத்தை மன்னிக்கச் சொல்லி இன்னொரு மனுவும் சேர்த்துப் போடலாம் என்றார். தாமதம் என்னுடையதாம், நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்! பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றேன்.

மனுவை டைப் அடித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "அவரே போயிட்டாரு. இன்னாத்துக்கும்மா இந்த அலைச்சல்?"

"அவன் செத்துட்டான் சார். கொலகாரன்ற பேரு இன்னும் உயிரோட கீதே."

அவர் குனிந்து, மனுதாரர் என்ற இடத்தில் என் பெயரை டைப் அடித்தார்.

இனி ஒவ்வொரு வாய்தாவுக்கும் போய் நிற்பேன். உன்னைக் கொலைகாரன் என்று சொன்ன சட்டத்தின் வாயாலேயே இல்லை என்று சொல்ல வைக்கிறேனா இல்லையா, பார்.

உன் அக்கா