நான் கொடுக்காத குரல்

இன்று காலை வீடு முழுக்க ஸ்கெட்ச் பேனா வாசனை. கடற்கரைத் தூய்மைக்கு ஸ்லோகன் எழுதி வரச் சொன்னார்கள் என்று மகள் தரையில் சார்ட் விரித்திருந்தாள். போனில் ஸ்லோகன் என்ற சொல்லைத் தேடியவள், "நைனா, இது சண்டையில வந்த வார்த்தையாம். ஸ்காட்லாந்துல ஒரு கூட்டத்துக்காரங்க போருக்குப் போறப்ப போடுற சத்தமாம். அது காதுல வுழுந்தா அந்தக் கூட்டத்து ஆளுங்க ஓடியாந்து நிக்கணுமாம்" என்றாள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

திருவொற்றியூர் கம்பெனியில் நீயும் நானும் பத்து வருடம் ஒரே ஷிப்டு. பிரஸ் மிஷினில் ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு விரல்கள் போயின. மறுநாளே அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதைக் கண்டித்து நீ கேட் மீட்டிங் வைப்பதாகச் சொன்னாய். முந்தின நாள் பஸ் ஸ்டாப்பில் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "மாமு, நான் கோஷம் போட்டா மொதல்ல நீ கொரல் குடு. ஒண்டியா கத்துனா பைத்தியம்னு நென்ச்சிக்குவானுங்க. ரெண்டு கொரல் கேட்டா மத்தவனும் வாயத் தொறப்பான்" என்றாய். சரி என்றேன்.

அன்று சாயங்காலம் மேனேஜர் கூப்பிட்டார். "சூப்பர்வைசர் போஸ்ட்டுக்கு உங்க பேரைத்தான் சொல்லியிருக்கேன். நாளைக்கு எங்க நிக்கிறீங்கன்னு பார்த்துக்குங்க."

மறுநாள் கேட்டுக்கு வெளியே நீ முதல் கோஷத்தைப் போட்டாய். நான் ஸ்டோர் ரூம் ஜன்னலுக்குப் பின்னால் நின்றிருந்தேன். யாரும் பதில் குரல் கொடுக்கவில்லை. மறுபடி போட்டாய். மூன்றாவது முறை கோஷத்தை விட்டுவிட்டு என் பெயரைக் கூப்பிட்டாய். நான் ஜன்னலைச் சாத்தினேன்.

ஒரே வாரத்தில் உன் வேலை போனது. எனக்குப் பதவி வந்தது.

பிறகு நீ எண்ணூர் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டினாய். ஒருமுறை கவனிக்காமல் உன் வண்டியிலேயே ஏறிவிட்டேன். "வூட்ல எல்லாம் நல்லா கீறாங்களா மாமு?" என்று மட்டும் கேட்டாய். நீ திட்டியிருக்கலாம்.

போன மாதம் உன் சாவுக்கு வந்தேன். உன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "அன்னிக்கு கேட்டாண்ட அவரு கூட நின்னது நீங்க ஒருத்தர்தாண்ணே. கடைசி வரைக்கும் சொல்லிகினே இருந்தாரு."

உன் வீட்டில் யாரும் என்னைத் தாழ்வாக நினைக்கக் கூடாது என்று நீ சொல்லிவைத்த பொய் அது. "ஆமாம்மா" என்றேன்.

இன்னும் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் உன்னைப் பொய்யனாக்கியதாகிவிடும் என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது சாக்குதான் என்று தெரிகிறது.