ஆறு வாரம் பொறுக்கவும்

பிப்ரவரி 9

என் புத்தக அலமாரி பறிபோனது. மேல் தட்டுகள் இரண்டிலும் இப்போது பச்சை நிறக் கட்டிகள். வீட்டிலேயே காற்றோட்டமான இடம் அதுதானாம். வாரக்கணக்கில் காய வேண்டுமாம். தத்துவம் மொத்தமும் கட்டிலுக்கு அடியில், அத்தானின் பழைய ஷூக்களுக்குப் பக்கத்தில். அதற்கு வேண்டிய இருள் அங்கே தாராளமாக இருக்கிறது.

சோப்பு என்று சொன்னால் அக்காவுக்குக் கோபம் வருகிறது.

"சோப்பு இல்லடா. இதுக்குப் பேரு ஷாம்பு பார்."

"என்ன வித்தியாசம்?"

"இது தலைக்கு."

ஓஹோ.

பிப்ரவரி 11

அக்காவுக்கு வேலை போய் நான்கு மாதம். காப்பீட்டு அலுவலகத்தில் ஒன்பது வருடம் ஒரே நாற்காலி. முதல் மாதம் தூங்கினாள். இரண்டாம் மாதம் வீட்டில் இருந்த எல்லாவற்றையும் துடைத்தாள், என் மேசை விளக்கின் பல்பு உட்பட. மூன்றாம் மாதம் யாரோ ஒருத்தி சோப்பு காய்ச்சும் வீடியோவைப் பார்த்தாள். அத்துடன் எங்கள் சமையலறை எங்களுடையதாக இல்லாமல் போனது. கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி, அத்தானின் மழைக்கோட்டு. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைக்கிறாள், எண்ணெயில் ஊற்றுகிறாள், கடைகிறாள். விண்வெளிக்குப் போகிறவள் மாதிரி இருக்கிறாள்.

அத்தான் இன்று சாப்பிடும்போது: "சாப்பாட்டுல ரோஸ்மேரி வாசனை. என் தலையில சமையல் எண்ணெய் வாசனை. ரெண்டையும் மாத்தி வெச்சுட்டியா?"

"கிண்டல் பண்றவங்களுக்கு ரெண்டாவது தடவை சோறு கிடையாது."

கடையும்போது வாய்க்குள் ஏதோ பாடுகிறாள். நான்கு மாதத்தில் முதல் தடவை. இதையும் எழுதி வைக்கிறேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறது.

பிப்ரவரி 20

விற்பதற்கான முதல் ஈடு காய்ந்துவிட்டது. கட்டியோடு வைத்துக் கொடுக்க ஒரு துண்டுத்தாள் வேண்டும்.

"நீ எழுது. ரெண்டு வருஷம் என்னமோ எழுதிக்கிட்டே இருந்தியே, அதுக்கு ஒரு உபயோகம் வேணாமா?"

நவீனக் கவிதையில் மௌனம். நூற்று நாற்பது பக்கம். பட்டம் கிடைத்தது. இப்போது ஓர் அச்சகத்தில் அடுத்தவர்களின் பிழையைத் திருத்துகிறேன்.

சிக்கல் இதுதான்: போட்டுப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மாளுக்குத் தலை பிசுபிசுக்கிறதாம். அத்தானுக்கு முடி சொன்ன பேச்சைக் கேட்பதில்லையாம். வீடியோக்காரி இதற்கும் பதில் வைத்திருக்கிறாள். ஆறு வாரம் ஆனால் சரியாகிவிடும், முடி பழக வேண்டும். அக்கா அதை வேதமாக நம்புகிறாள். "அத கொஞ்சம் அழகா சொல்லுடா."

அழகாகச் சொன்னேன்.

"முதல் சில நாட்கள் உங்கள் முடி பிசுபிசுக்கும், முரண்டு பிடிக்கும், உதிரும். பயப்பட வேண்டாம். இத்தனை வருடம் ரசாயனம் கற்றுக்கொடுத்த பொய்யை அது மறந்துகொண்டிருக்கிறது. ஆறு வாரம் பொறுக்கவும்."

எழுத ஏழு நிமிடம் ஆனது. அக்கா படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உனக்குள்ள என்னமோ இருக்குடா."

'உதிரும்' என்று யாரும் சொல்லவில்லை. வீடியோக்காரிகூட. இரண்டு வினையோடு வாக்கியம் நொண்டியது. மூன்றாவதாக ஒன்று தேவைப்பட்டது.

பிப்ரவரி 27

நானும் போட்டேன். தோள் வரை முடி வளர்த்தவன், இந்த வீட்டில் இருந்துகொண்டு எத்தனை நாள் தப்பிக்க முடியும்?

சீப்பில் சாம்பல் நிறத்தில் பசை. முடியைத் தொட்டால் விரல் முடியோடு போகிறது.

என் தலை பொய்யை மறந்துகொண்டிருக்கிறது போலும்.

மார்ச் 3

இரண்டாம் தடவை. இன்று அச்சகத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தேன். ஒரு முடிகூட அசையவில்லை.

மார்ச் 4

சலூனுக்குப் போனேன். சலூன்காரர் தலையில் கை வைத்தார், எடுத்தார், துண்டில் துடைத்துக்கொண்டார்.

"தம்பி, தலையில மெழுகுவர்த்தி ஏத்தினீங்களா?"

விஷயத்தைச் சொன்னேன். கத்தரியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "நம்ம குழாய்த் தண்ணி உப்புத் தண்ணி. அதுல சோப்பு பட்டா திரிஞ்சு போயிடும். அந்தத் திரிஞ்சதுதான் உங்க தலையில உக்காந்திருக்கு. வட்டமா வெட்டினாலும் சோப்பு சோப்புதான் தம்பி. பச்சையா இருந்தாலும் சோப்புதான்."

"ஆறு வாரத்துல சரியாயிடுமாம்."

"எவன் சொன்னான்?"

பதில் சொல்லவில்லை. மௌனத்தில் எனக்குப் பட்டம் இருக்கிறது.

திரும்பும் வழியில் கடையில் ஒரு புட்டி ஷாம்பு வாங்கினேன். ஊதா நிறம். பின்பக்கம் பொடி எழுத்தில் இருபது ரசாயனங்களின் பெயர். காதல் கடிதம் போல வாசித்தேன்.

மார்ச் 6

புட்டியைத் துண்டுக்குள் சுருட்டிக் குளியலறைக்குக் கொண்டுபோகிறேன், அதே மாதிரி கொண்டுவருகிறேன். மணம் வெளியே வரக்கூடாதென்று முடிவில் அக்காவின் கட்டியைச் சுவரில் தேய்த்துக் கழுவுகிறேன். குளியலறைச் சுவருக்குத்தான் இப்போது இயற்கைப் பராமரிப்பு.

சொல்லிவிடலாமே? சொல்லலாம். நாளைக்கு.

மார்ச் 10

கடிதங்கள் வரத் தொடங்கிவிட்டன — அக்காவின் போனுக்கு. பாராட்டுகளை அவளே வைத்துக்கொள்கிறாள். புகார் சொல்கிறவர்களிடம் என் எண்ணைக் கொடுத்துவிடுகிறாள். "உனக்குத்தான் பக்குவமா சொல்ல வரும்."

புகார்க்காரர்களில் ஒருவர் பூகோள டீச்சர். ஏதோ ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு. மிக மரியாதையானவர், நிறுத்தற்குறி பிசகுவதே இல்லை. பிப்ரவரி 25 முதல் பயன்படுத்துகிறாராம். "பிசுபிசுப்பும் முரண்டும் தாங்கள் எழுதியபடியே இருக்கின்றன. உதிர்தல் இன்னும் தொடங்கவில்லை. நான் சரியாகச் செய்கிறேனா?"

எழுதினேன்: "ஒவ்வொரு தலைக்கும் அதற்கென்று ஒரு காலம் உண்டு."

என்ன அர்த்தம் இதற்கு? எனக்கும் தெரியாது. நன்றாக இருந்தது.

மார்ச் 17

அக்கா பின்னால் இருந்து என் முடியைப் பிடித்தாள். "டேய்! பாத்தியா! பட்டு மாதிரி! மூணு வாரத்துலயே! நீ வேற நம்பாம திரிஞ்சே."

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் திறந்தேன்.

"அசையாத. அப்படியே வெளிச்சத்துல நில்லு."

முதுகுப் பக்கமாக எட்டுப் படம் எடுத்தாள்.

மார்ச் 21

என் பின்னந்தலை இப்போது அட்டைப்பெட்டியில் இருக்கிறது. கீழே என் வாக்கியம். முகம் இல்லாததால் ஆணா பெண்ணா தெரியவில்லை. ஆதி மனிதனாகக்கூட இருக்கலாம். ஏழாயிரம் வருடம் ரசாயனம் படாத தலை.

அத்தான் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குளியலறைப் பக்கம் பார்த்தார். "உன் துண்டு ஏன்டா ஊதா வாசனை அடிக்குது?"

"ஊதாவுக்கு வாசனை உண்டா அத்தான்?"

"எனக்கெதுக்கு வம்பு." போய்விட்டார். இந்த வீட்டில் கோழை நான் ஒருவன் மட்டுமல்ல என்பதில் ஓர் ஆறுதல்.

மார்ச் 25

பூகோள டீச்சர்: "உதிர்தல் தொடங்கிவிட்டது. நிம்மதியாக இருக்கிறது."

நிம்மதி!

ஏப்ரல் 2

டீச்சர்: வேரோடு உதிர்வது போக, பாதியிலேயே முறிகிறதாம். சீப்பு வைத்தால் நொறுங்குகிறதாம். தலைத்தோல் எரிகிறதாம். கரும்பலகைப் பக்கம் திரும்பினால் கடைசி பெஞ்சு சிரிக்கிறதாம். "புதிய பெட்டியில் உள்ள படத்தைப் பார்த்தேன். அவருக்கு எவ்வளவு அழகாக இருக்கிறது. பிழை என்னிடம்தான் இருக்க வேண்டும்."

ஒரு மணி நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'நிறுத்துங்கள்' என்று ஒற்றைச் சொல் போதும். அப்படி எழுதினால் அது அக்கா காதுக்குப் போகும். ஏன் என்பாள். பக்கத்து அறையில் கடைகிறாள், பாடுகிறாள். இப்போது சத்தமாகவே.

எழுதியது: "சிலருக்கு எட்டு வாரம் ஆகும்."

கை கூசவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 3

எட்டு எங்கிருந்து வந்தது? ஆறுக்கு அடுத்து ஏழு ஒல்லியாகத் தெரிந்தது.

ஏப்ரல் 12

ஒன்றுமில்லை. டீச்சரிடமிருந்தும் ஒன்றுமில்லை.

ஏப்ரல் 23, ஞாயிறு

சந்தையில் அக்காவுக்கு முதல் கடை. ஒரு மடக்கு மேசை, மேலே வெள்ளைத் துணி. நான் பெட்டி இறக்குகிற ஆள். குனிந்து பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பின்னால் ஒரு குரல்.

"எட்டு வாரம் நேத்தோட முடிஞ்சுதுங்க. நான் பாதியில விட்டவ இல்ல."

தெரிந்துவிட்டது. நிமிரவில்லை.

"முறிஞ்சதுல ஒட்ட வெட்ட வேண்டியதாப் போச்சு. பரவாயில்ல. இனிமே வளர்றதாவது சுத்தமா வளரட்டும். ரெண்டு கட்டி குடுங்க."

சண்டைக்கு வரவில்லை. வாங்க வந்திருக்கிறார். ரெண்டு!

அக்கா பதறிப்போனாள். "ஐயோ டீச்சர், இவ்வளவு ஆயிடுச்சா? எங்கிட்ட யாருமே..." பேசிக்கொண்டே, பழக்கத்தில் கை கட்டியைத் தாளில் சுற்றுகிறது.

"இதோ இவங்கதானே?" டீச்சர் குரல் கிட்டே வந்தது. "படத்துல இருக்கறவங்க. இந்த முடிய எங்க பாத்தாலும் எனக்குத் தெரியும். தினமும் பாக்கறேனே."

திரும்பினேன். தாடியைப் பார்த்ததும் ஒரு நொடி தடுமாறினார். பிறகு சிரித்தார். தலையில் இறுகக் கட்டிய ஸ்கார்ஃப், காதோரம் எரிந்து சிவந்த தோல். நாற்பது வயதுகூட இருக்காது.

"அட, தம்பியா! உங்களுக்கு எத்தனை வாரம் ஆச்சு தம்பி?"

"ரெண்டு தடவை."

"என்னது?"

"ரெண்டே தடவைதான் போட்டேன். மிச்சமெல்லாம் கடை ஷாம்பு."

அக்காவின் கையில் தாள் நின்றுபோனது.

"அப்ப எனக்கு எழுதின அந்த எட்டு வாரம்?"

"நான் எழுதினது."

"எங்கயாவது படிச்சு எழுதினதா?"

"இல்ல டீச்சர். சும்மா எழுதினது."

பக்கத்துக் கடையில் யாரோ பூந்தொட்டிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"உதிரும்னு போட்டிருந்துச்சே. அதனாலதான் நான் நிறுத்தல. இல்லாட்டி நாலாவது வாரமே நிறுத்தியிருப்பேன்."

வாக்கியம் நொண்டியதால் போட்டேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? டீச்சர் ஸ்கார்ஃபை முன்னால் இழுத்து விட்டுக்கொண்டு போய்விட்டார். திட்டவே இல்லை. கடைசி பெஞ்சைக்கூடத் திட்டியிருக்க மாட்டார்.

அக்கா மேசையை மடக்கினாள். மணி பத்தரைகூட ஆகவில்லை.

ஏப்ரல் 24

பேசவில்லை.

ஏப்ரல் 26

பேசினாள். துணி மடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல்.

"என்னைப் பார்த்துப் பாவப்பட்டியா?"

கீழே விழுந்த ஒரு துண்டை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை.

"இல்ல, உள்ளுக்குள்ள சிரிச்சுக்கிட்டு இருந்தியா?"

"சிரிக்கல அக்கா."

"அந்த வேலையில இருந்து அனுப்பினப்போகூட மூஞ்சிக்கு நேரா காரணம் சொன்னாங்கடா. உனக்கு அதுகூட முடியலையா?"

அறைக்கு வந்து இந்த நோட்டை முதலிலிருந்து புரட்டினேன். ஒவ்வொரு பக்கத்திலும் சிரித்திருக்கிறேன். அவளை வைத்து நல்ல நல்ல வாக்கியங்கள். மெனக்கெட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 29

அத்தான் துண்டு சமாச்சாரத்தை ஒத்துக்கொண்டுவிட்டார். "எனக்கும் சந்தேகம் இருந்துச்சு. உங்கக்கா பாடிக்கிட்டு இருந்தா, அதான்..." அவருக்கும் இரண்டாவது தடவை சோறு கிடையாது.

மே 1

அக்கா தனியாக டீச்சர் வீட்டுக்குப் போனாள். தோல் டாக்டரிடம் தானே கூட்டிப்போனாளாம். வேர்கள் கெடவில்லையாம், வளர்ந்துவிடுமாம், ஒரு வருடத்துக்கு மேலே ஆகலாமாம். இதை அத்தானிடம் சொன்னாள், எனக்குக் கேட்கும்படி.

ஒரு வருடம். இது டாக்டர் சொன்ன கணக்கு.

மே 3

மிச்சமிருந்த கட்டிகளையும் அட்டைப்பெட்டிகளையும் மூட்டை கட்டிவிட்டாள். வாங்கியவர்களின் பட்டியலைக் காலையில் சமையலறை மேசைமேல் வைத்தாள். முப்பத்தொரு பேர். எல்லாருக்கும் போன் பண்ணப் போகிறாளாம்.

கதவோரம் நின்றேன். "என்ன சொல்லணும்னு எழுதித் தரட்டுமா?"

நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை.

"வேணாம். நீ எழுதினா நம்பிடுவாங்க."

அச்சகத்துக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்காவுக்கு இந்த மாதிரி பேச்செல்லாம் வராது. திக்கினாள், ஒருவரிடம் அழுதாள், இன்னொருவர் கத்தியதை முழுசாகக் கேட்டுக்கொண்டாள். சுற்றி வளைக்கவே இல்லை. சாயங்காலம் வரை முப்பத்தொரு தடவையும் அதே மூன்று வாக்கியம்.

"இன்னையோட நிறுத்திடுங்க. அது தலைக்கு ஆகாது. தப்பு எங்களோடது."

எங்களோடது என்றுதான் சொன்னாள். எல்லாரிடமும்.