உவர்மண் வந்து சேர்ந்தது

அன்புள்ள உரஞ்சிமெக் கண்ணு,

குளிர்காலம் நல்லபடியாகப் போகிறதா, சியோலில் வேலை எப்படி. நான் கை கால் சுகத்தோடு இருக்கிறேன். ஆடுகள் நல்ல கொழுப்பு என்று எழுதத்தான் கை ஓடுகிறது, ஆனால் இந்தத் தடவை உள்ளதை எழுதுகிறேன். மலைக்கு இந்தப் பக்கம் போன் எடுக்காது, பக்கத்துக் கூடாரத்து லோதோய் அண்ணன் டவுனுக்குப் போகிறார், அவரிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

இலையுதிர் காலத்தில் அப்பா நம்மை விட்டுக் கண்ணை மூடினாரே, அதுதான் ஆடுகளை உவர் நிலத்துக்கு ஓட்டுகிற நேரம். வருஷா வருஷம் அவர்தான் போய் அந்த மண்ணை நக்க விட்டு, குளிர்காலத்துக்கும் மூட்டை கட்டி வருவார். இந்த வருஷம் யார் போனது, நான் அழுதுகொண்டே கிடந்துவிட்டேன். பனி விழுந்தபிறகு சினை ஆடுகள் ஒன்றின் முடியை ஒன்று பிடுங்கித் தின்ன ஆரம்பித்தன, கூடாரத்துக் கம்பளியைக்கூடக் கடித்தன. பசி என்று நினைத்துக் காய்ந்த புல்லை வாரி வாரிப் போட்டேன். புல்போர் பாதியாகிவிட்டது, ஆடுகள் எலும்பாகத்தான் நின்றன. குட்டி போடுகிறவரை தாங்காது, நீ சொன்னபடி விற்றுவிட்டு உன்னிடமே வந்துவிடலாம் என்று முடிவு கட்டிவிட்டேன். ஆனால் யார் வந்து மந்தை எப்படி என்று கேட்டாலும் நல்ல கொழுப்பு என்றுதான் சொன்னேன். இளைத்தது என்று வாயால் சொன்னால் இன்னும் இளைக்கும் என்று பயந்தே வளர்ந்தவர்கள்தானே நாம்.

ஒருநாள் லோதோய் அண்ணன் பெண்சாதி பாக்மா அக்கா வந்து பார்த்துவிட்டு, கொழுத்த ஆடு எதுக்குடி பக்கத்து ஆட்டு முடியைத் தின்னுது, ருசியா இருக்குன்னா என்று கேட்டாள். வயித்தை ரொப்பினா ஆச்சா, உப்பும் உவரும் இல்லாமத்தான் முடியைத் தின்னுது, வாயைத் திறந்து கேட்டா நாக்கு உதிர்ந்திடுமா என்று ஏசிக்கொண்டே எனக்கு டீயும் போட்டுக் கொடுத்தாள். மறுநாள் அண்ணன் தன் வீட்டு உவர்மண்ணையும் தவிட்டையும் லாரியில் கொண்டுவந்து இறக்கினார். வேண்டாம் என்றதற்கு, போன வருஷம் எங்க மந்தையையும் சேர்த்துத்தானே உன் வீட்டுக்காரர் ஓட்டிட்டுப் போனார், அவர் கூலியா கேட்டார் என்றார். அவர்கள் நன்றாக இருக்க வேண்டும் கண்ணு. கொஞ்ச நாளில் ஆடுகள் முடி பிடுங்குவதை விட்டுவிட்டு, பனியைக் காலால் கிளறிப் பழையபடி மேய ஆரம்பித்தன.

நேற்று அந்தக் காது கிழிந்த ஆடு குட்டி போட்டது. மடியில் பால் இருக்கிறது. குட்டியைத் தானே நக்கிச் சேர்த்துக்கொண்டது, குட்டியைச் சேர்க்காத ஆட்டுக்கு அப்பா பாடுகிற பாட்டு அதற்குத் தேவைப்படவில்லை. எனக்குத்தான் தேவைப்பட்டது.

மந்தையை விற்கவில்லை, நான் இங்கேயே இருக்கிறேன். நீயும் எப்போது கேட்டாலும் நல்லா இருக்கேம்மா என்கிறாய். அந்தப் பதில் என்னிடம் கற்றதுதான். என்ன சாப்பிடுகிறாய், எது கிடைக்கவில்லை என்று இனி உள்ளதை எழுது. இங்கிருந்து அனுப்ப முடிந்ததை அனுப்புவேன், முடியாததற்குப் பாக்மா அக்காவைக் கேட்பேன்.

முதல் பாலை நீ இருக்கிற திசை பார்த்துத் தெளித்தேன். நீ போகிற வழியெல்லாம் அந்தப் பாலைப் போல வெள்ளையாக, நல்லதாக இருக்கட்டும். கம்பளிக் காலுறையை மறக்காமல் போட்டுக்கொள்.

உன் அம்மா,
செவல்மா